பத்து கிலோமீட்டரில் கவிழும் ராக்கெட்

27.12.2023, ராயபுரத்திலிருந்து வந்த கேள்வி

"கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டில் நானே கட்டிய ராக்கெட். நேராக நன்றாகத்தான் ஏறுகிறது. பத்து கிலோமீட்டர் வந்ததும் கிழக்கே 45 டிகிரி சாய்க்கச் சொல்கிறார்கள், ஒரு காணொளியில் பார்த்தேன். சாய்த்தால் குட்டிக்கரணம் போட்டுவிடுகிறது. எஸ்ஏஎஸ் (ராக்கெட்டை நிலையாகப் பிடிக்கும் வசதி) போட்டிருக்கிறேன், பைலட் இருக்கிறார், விரலையும் விசையிலிருந்து எடுப்பதே இல்லை. விளையாட்டில் பிழையா, என் கை சரியில்லையா?"

27.12.2023, இரவு

இரண்டும் இல்லை. நீங்கள் பார்த்த காணொளி பழையது, அவ்வளவுதான்.

பத்து கிலோமீட்டர் நேராக ஏறி, பிறகு 45 டிகிரி திருப்பு என்பது ஒரு காலத்தில் சரியான அறிவுரை. 2015 ஏப்ரலில் 1.0 பதிப்பு வருவதற்கு முன் இந்த விளையாட்டில் காற்று ஒரு ஒப்புக்குத்தான் இருந்தது. கூர்மூக்கு வைத்தாலும் மொட்டையாக விட்டாலும் ஒன்றுதான், எடையை வைத்தே காற்றுத்தடையைக் கணக்குப் போட்டுவிடும். கீழே காற்று கூழாக இருந்ததால் அதை முதலில் தாண்டிவிட்டு அப்புறம் திரும்புவது லாபம். 1.0 வந்ததும் காற்றுக்கு வடிவம் தெரிய ஆரம்பித்துவிட்டது. அறிவுரை மட்டும் மாறாமல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பத்து கிலோமீட்டரில் உங்கள் ராக்கெட் ஒலியின் வேகத்தை ஒட்டியோ அதற்கு மேலோ போய்க்கொண்டிருக்கும். அந்த வேகத்தில் மூக்கை 45 டிகிரி திருப்பினால் முழு உடம்பையும் காற்றுக்குக் குறுக்கே நிறுத்துகிறீர்கள். அதற்கு மேல் எஸ்ஏஎஸ் என்ன செய்யும், பைலட்தான் என்ன செய்வார்?

28.12.2023

பதில் பாதியில் நின்றதற்குக் காரணம் மின்சாரம். திருவொற்றியூரில் புயல் தண்ணீர் வடிந்தும் இன்னும் நிலைமை முழுதாகச் சீராகவில்லை. சிபியூவைப் பரணில் ஏற்றிவைத்திருந்ததால் அது தப்பியது, நானும் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எப்படித் திருப்புவது என்று பார்ப்போம். வேகம் நொடிக்கு 50 முதல் 100 மீட்டருக்குள் இருக்கும்போதே, அதாவது ஏவுதளம் இன்னும் பெரிதாகத் தெரியும்போதே, கிழக்கே ஐந்து டிகிரி சாய்த்துவிடுங்கள். நேவ்பாலில், அதாவது திசை காட்டும் உருண்டையில், ப்ரோகிரேட் குறி (ராக்கெட் உண்மையில் போகும் திசை) மெல்ல நகர்ந்து மூக்குக் குறியின் மேல் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் எஸ்ஏஎஸ்ஸை ப்ரோகிரேட் பிடிக்கும் நிலையில் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். புவியீர்ப்பே மிச்சத்தை வளைத்துக்கொள்ளும். பத்து, பன்னிரண்டு கிலோமீட்டரில் தானாக 45 டிகிரி வந்திருந்தால் சரியான பாதை. அதற்குள் படுத்துவிட்டால் முதல் சாய்ப்பு அதிகம், இன்னும் நெட்டையாக நின்றால் குறைவு. அடுத்த முறை ஒரு டிகிரி மாற்றிப் பாருங்கள்.

கேரியர் முறையில் ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு நட்சத்திரம் வாங்காத பைலட்டுக்கு ப்ரோகிரேட் பிடிக்கத் தெரியாது, நேராக நிறுத்த மட்டும்தான் தெரியும். அதுவரை கையால்தான். அப்போது கேப்ஸ் லாக்கை அழுத்திக்கொள்ளுங்கள். இடது கீழ் மூலையில் ஆரஞ்சு நிற முட்கள் நீலமாகும், அதன் பிறகு விசைகள் முரட்டுத்தனமாக இழுக்காது.

28.12.2023, அதே இரவு

ஓட்டுவதைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் கவிழ்வதற்கான காரணம் பெரும்பாலும் கட்டும் கூடத்திலேயே இருக்கிறது.

எனக்குச் சோறு போடுவது கன்டெய்னர் யார்டு. அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி: கனமான பெட்டி அடியில், காலிப் பெட்டி மேலே. இந்த விளையாட்டுக்கு வந்த புதிதில் அந்தப் புத்தியோடுதான் எல்லோரும் கட்டுகிறோம். அடியில் பெரிய எஞ்சின், பெரிய டேங்க், உச்சியில் சின்னக் கூடு. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ராக்கெட்டுக்கு அது தலைகீழ். எடை மேலே இருக்க வேண்டும், காற்று பிடிக்கும் பரப்பு கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் மூக்கு கொஞ்சம் விலகினாலும் காற்று வாலைப் பின்னுக்குத் தள்ளி நேராக்கும்.

கூடத்தின் இடது கீழ் மூலையில் இருக்கும் பொத்தான்களை அழுத்தினால் மஞ்சள் உருண்டை எடையின் நடுவையும், நீல உருண்டை காற்றுத் தூக்கலின் நடுவையும் காட்டும். நீலம் மஞ்சளுக்குக் கீழே இருக்கட்டும். நீல உருண்டையே சரியாகத் தெரியவில்லை என்றால் உங்கள் ராக்கெட்டில் ஃபின் (வால் இறக்கை) இல்லை என்று பொருள். அடியில் நான்கு ஃபின் ஒட்டுங்கள். பாதிப் பேருக்கு இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

இன்னொன்று. எரிபொருள் தீரத் தீர மஞ்சள் உருண்டை நகரும். ஒரே அடுக்காகக் கட்டிய ராக்கெட்டில் டேங்க் காலியாக ஆக, அடியில் இருக்கும் எஞ்சினின் எடை மேலோங்கி, நடு கீழே இறங்கிவிடும். ஏவும்போது சமத்தாக நின்றது பாதி வழியில் புத்தி மாறுவது இதனால்தான்.

29.12.2023

ராயபுரத்துக்காரர் தன் ராக்கெட்டின் படத்தைப் போட்டிருக்கிறார். அடியில் ரிலையன்ட். சந்தேகப்பட்டேன்.

ரிலையன்ட் எஞ்சினுக்கு உந்துவிசை அதிகம், விலை குறைவு, எடையும் குறைவு. எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் அதன் வாய், அதாவது புகை வெளியேறும் குழல், அசையாது. பக்கத்தில் இருக்கும் ஸ்விவல் மூன்று டிகிரி வரை அசையும். கூட்டைத் திருப்ப அதற்குள் இருக்கும் ரியாக்ஷன் வீல் (சுழல் சக்கரம்) காற்றில் பெரிதாக எதையும் திருப்பாது. ஃபின்னும் இல்லாமல், அசையும் வாயும் இல்லாமல் விசையை எவ்வளவு அழுத்தினால் என்ன?

மாதிரிக்கு ஒன்று கட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழாக: பாராசூட், எம்கே1 கூடு, வெப்பக் கவசம், டிகப்ளர் (அடுக்கைப் பிரிக்கும் வளையம்), ஒரு எஃப்எல்-டி400 டேங்க், டெரியர் எஞ்சின். அதற்குக் கீழே இன்னொரு டிகப்ளர், மூன்று எஃப்எல்-டி400, ஸ்விவல், நான்கு ஃபின். மொத்த எடை 12 டன்னுக்குச் சற்று மேலே வரும். தரைமட்டத்தில் ஸ்விவலின் உந்துவிசை 168 கிலோ நியூட்டன், ஆகவே எடைக்கு உந்துவிசை 1.4 மடங்கு. நான் விரும்புவது இந்த அளவைத்தான். இரண்டு மடங்குக்கு மேல் வைத்துக் கட்டுபவர்கள் கீழ்க்காற்றிலேயே வேகத்தை ஏற்றிக்கொண்டு எரிபொருளைக் காற்றுக்குத் தாரை வார்க்கிறார்கள்.

கெர்பினின் (விளையாட்டில் நம் பூமி மாதிரியான கோள்) தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு டெல்டா-வி, அதாவது எரிபொருளால் கூட்டக்கூடிய மொத்த வேகம், நொடிக்குச் சுமார் 3,400 மீட்டர் வேண்டும். இந்த ராக்கெட்டில் 4,000 தாண்டும். முதல் சில முறை சொதப்ப இடம் இருக்கிறது.

1.1.2024

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்து. காலை 9.10க்கு பிஎஸ்எல்வி-சி58 போனதை மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். எங்கள் வீட்டிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டில் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், ஏறக்குறைய நேர் வடக்கே. பக்கத்து மாடிகளிலும் கூட்டம். பாதிப் பேர் கைப்பேசியில் நேரலை பார்த்துக்கொண்டு, அதில் கிளம்பி முடித்த பிறகு தலையை நிமிர்த்தினார்கள்.

தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே அது தெரிய ஆரம்பித்தபோதே சாய்ந்திருந்தது. அக்கா மகன்தான் முதலில் சொன்னான்: "மாமா, எங்க திரும்புச்சுன்னே தெரியலையே." அவன் சொன்னது சரி. மேகத்தினூடே தெரிந்த வரைக்கும் அந்தப் புகைக்கோட்டில் முழங்கை மடிப்பு எங்கேயும் இல்லை. கீழிருந்தே வலப்பக்கம், அதாவது கிழக்கே, ஒரே சீரான வளைவு. பத்து கிலோமீட்டருக்கு நெட்டுக்குத்தாக ஒரு கோடும் அதிலிருந்து சாய்ந்த இன்னொரு கோடுமாக எந்த ராக்கெட்டும் வானத்தில் வரைவதில்லை.

சத்தத்துக்குக் காத்திருந்தான். இவ்வளவு தூரத்துக்கு ஒலி வர மூன்று நிமிடம் ஆகும் என்று சொன்னேன். அதற்குள் கீழே யாரோ பைக்கை முறுக்கிவிட்டார்கள்.

3.1.2024

காசிமேட்டிலிருந்து ஒருவர் மடக்கியிருக்கிறார்: "பிஎஸ்எல்வியின் முதல் அடுக்கு திட எரிபொருள். அணைக்கவும் முடியாது, வாயும் அசையாது. ஃபின்னும் ஸ்விவலும் இல்லாமல் அது எப்படித் திரும்புகிறது?"

நல்ல கேள்வி. அதன் வாய்க்குழலின் உட்பக்கத்தில் சுற்றிலும் துளைகள் உண்டு. எந்தப் பக்கம் தேவையோ அந்தப் பக்கத்துத் துளைகள் வழியாக ஸ்ட்ரான்சியம் பெர்குளோரேட் கரைசலைப் பீய்ச்சுவார்கள். சீறி வெளியேறும் புகை அந்த இடத்தில் தடுக்கப்பட்டு ஒதுங்கும், உந்துவிசை சற்றே சாயும். வாய் அசையாமலே வேலை முடிந்தது. இரண்டாம் அடுக்கின் விகாஸ் எஞ்சினுக்கு வாய் அசையும்.

விளையாட்டில் ஹேமர், தம்பர் என்ற திட பூஸ்டர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவை பக்கத்தில் கட்டத்தான் லாயக்கு, நடுவில் அசையும் எஞ்சின் ஒன்று எரிந்துகொண்டிருக்கட்டும். இன்னொன்று, பூஸ்டரைப் பறக்கும்போது குறைக்க முடியாது. கட்டும் கூடத்திலேயே அதன் மேல் வலது சொடுக்கி உந்துவிசை வரம்பை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். இதைத் தெரியாமல் ஹேமரைத் திட்டுபவர்கள் நிறைய.

பக்க பூஸ்டரில் ஒன்று மட்டும் எரியாமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை இருந்தால் ஸ்டேஜிங்கை (அடுக்குகள் இயங்கும் வரிசை) கலைத்துவைத்து ஏவிப் பாருங்கள். நிஜத்தில் நடந்தது 2006 ஜூலை 10 அன்று. ஜிஎஸ்எல்வி-எஃப்02இன் நான்கு பக்க எஞ்சின்களில் ஒன்று கிளம்பியதுமே உந்துவிசையை இழந்தது. ஒரு நிமிடத்துக்குள் கட்டுப்பாடு போய்விட்டது. ஏவ ஸ்பேஸ் பாரைத் தொடும் முன் அந்த அடுக்கு வரிசையை ஒருமுறை மேலிருந்து கீழே படிப்பது நல்லது. பாராசூட் முதல் அடுக்கில் உட்கார்ந்திருக்கும், பாருங்கள்.

7.1.2024

நேற்று சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை விளையாட்டில் செய்து காட்டச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

முடியாது. கெர்பலில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்புதான் உங்கள் கலத்தை இழுக்கும். கெர்பினின் ஆட்சி ஏறத்தாழ 84,000 கிலோமீட்டர் வரை, அதைத் தாண்டிய நொடியில் சூரியனின் ஆட்சி. எல்1 என்பது சூரியனும் பூமியும் சேர்ந்து இழுப்பதால் உண்டாகும் இடம், நமக்கு 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி. இரண்டு பேர் சேர்ந்து இழுக்காத உலகத்தில் அப்படி ஓர் இடமே கிடையாது. பிரின்சிப்பியா என்ற மோட் (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) போட்டால் கிடைக்கும். என் கணினியின் மேல் எனக்கு அவ்வளவு விரோதம் இல்லை.

இந்தச் சுருக்குவழியைக் குறை என்று நான் நினைக்கவில்லை. அது இருப்பதால்தான் வரைபடத்தில் நீலக் கோடு போட்டு, அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்று விளையாட்டால் சொல்ல முடிகிறது.

16.1.2024

பொங்கல் விடுமுறைக்கு அக்கா மகன் இங்கேயே இருக்கிறான். அந்த மாதிரி ராக்கெட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு நாற்காலியை அவனுக்கு விட்டேன். கவிழாமல் ஏறியது. அபோஆப்சிஸ் (பாதையின் உச்சி) 80 கிலோமீட்டர் தொட்டதும் எக்ஸ் விசையால் எஞ்சினை அணைத்துவிட்டு, "வந்தாச்சு மாமா" என்றான்.

"பெரியாப்சிஸ் எவ்வளவு பாரு."

மைனஸ் நானூற்றுச் சொச்சம். பெரியாப்சிஸ் என்பது பாதையின் அடிமுனை, அது நிலத்துக்குள் இருக்கிறது. உச்சியைத் தொட்டுவிட்டுக் கடலில் விழப்போகிறான். எனக்குத் தெரிந்து எல்லோரும் முதலில் இடறும் இடம் இது. உயரம் வந்தால் விண்வெளி வந்துவிட்டது என்று தோன்றும். உயரம் பாதி வேலைகூட இல்லை. 80 கிலோமீட்டரில் விழாமல் சுற்ற நொடிக்கு 2,280 மீட்டர் கிடைமட்ட வேகம் வேண்டும். உச்சியை நெருங்கும்போது மூக்கைக் கிடையாக வைத்து மறுபடி எரிக்க வேண்டும், பெரியாப்சிஸ் 70 தாண்டும் வரை. கெர்பினின் காற்று முடியும் இடம் அதுதான்.

இந்தத் தடுமாற்றம் நிஜத்திலும் நடந்திருக்கிறது. 2022 ஆகஸ்ட் 7, இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம். போக வேண்டியது 356 கிலோமீட்டர் வட்டப்பாதை. கிடைத்தது 356-க்கு 76. உச்சி சரியாக இருந்தும் அடிமுனை காற்றுக்குள் இருந்தது, செயற்கைக்கோள்கள் தங்கவில்லை. அங்கே காரணம் வேறு: இரண்டாம் அடுக்கு பிரியும்போது வந்த அதிர்வில் முடுக்கமானிகள் சில கணம் திணறின, கணினி அவை பழுது என்று முடிவுகட்டி மாற்று வழிக்குப் போனது, கடைசி வேகத்தைக் கொடுக்க வேண்டிய எஞ்சின் எரியவில்லை. பையனுக்கு இதைச் சொன்னதும் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப அவங்களுக்கும் எஃப்9 கிடையாதா?"

கிடையாது. உங்களுக்கு உண்டு, ஆகவே ஒவ்வொரு எரிப்புக்கும் முன் எஃப்5 அழுத்திச் சேமியுங்கள், சொதப்பினால் எஃப்9 அங்கேயே திரும்பக் கொண்டுவிடும். எங்கள் பகுதி மின்சாரத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

18.2.2024

நேற்று மாலை 5.35க்கு ஜிஎஸ்எல்வி-எஃப்14 போனது. வேலையில் இருந்ததால் யார்டிலிருந்தே கொஞ்சம் தெரிந்தது, கிரேன் இரண்டு நிமிடம் நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

இங்கே மெக்ஜெப் சண்டை ஆரம்பித்திருக்கிறது. "அந்த மோட் போட்டால் தானே ஓட்டும், எதற்கு இந்த ஐந்து டிகிரி ஆராய்ச்சி" என்று தண்டையார்பேட்டை நண்பர் கேட்கிறார். "அது ஏமாற்று வேலை" என்று இன்னொருவர்.

ஏமாற்று வேலை என்றால் ஸ்ரீஹரிகோட்டாவில் நடப்பதும் ஏமாற்று வேலைதான். கிளம்பிய பிறகு அங்கே யார் கையிலும் ஜாய்ஸ்டிக் இல்லை. ராக்கெட்டுக்குள் இருக்கும் கணினிதான் திருப்புகிறது, அடுக்கைப் பிரிக்கிறது. தரையில் இருப்பவர்கள் கையில் இருக்கும் ஒரே பெரிய பொத்தான், வழிதவறிப் போனால் அழிப்பதற்கானது. மெக்ஜெப்பை யாரும் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு விஷயம். கவிழும் ராக்கெட்டை மெக்ஜெப்பிடம் கொடுத்தால் அதுவும் கவிழ்க்கும், உங்களைவிட ஒழுங்காக. நான் அதை வைத்திருப்பது எண்களைப் பார்க்க மட்டும்.

29.2.2024

நேற்று குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் ராக்கெட் எதற்கு என்று அலுவலகத்தில் பேச்சு. கெர்பல் ஆடுகிறவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: துருவப்பாதைக்கு ஏவிப் பாருங்கள்.

கிழக்கே ஏவும்போது கோளின் சுழற்சி இலவசமாக வேகம் கொடுக்கிறது, கெர்பினில் நொடிக்கு 175 மீட்டர். தெற்கே ஏவினால் அது கிடைக்காது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போக இன்னொரு சங்கடம், வழியில் இலங்கை இருக்கிறது. ஆகவே பிஎஸ்எல்வி முதலில் தென்கிழக்கே போய், பிறகு தெற்கே ஒடித்துத் திரும்புகிறது. அந்த ஒடிப்புக்கு ஆகும் எரிபொருள் செயற்கைக்கோள் எடையிலிருந்து கழியும், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய அடி. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே வெறும் கடல்.

விளையாட்டில் ஒடித்துத் திரும்பிப் பார்க்க விரும்புகிறவர்கள் அதைக் காற்றுக்கு மேலே செய்யுங்கள். முப்பது கிலோமீட்டருக்குக் கீழே செய்தால் இந்த இழையின் முதல் கேள்விக்குத் திரும்பி வருவீர்கள்.

2.3.2024

மேலே கையை எடுங்கள் என்றதை கெர்பினின் நிலாவான மன்னில் இறங்கும்போதும் பின்பற்றி ஒருவர் பள்ளம் பறித்திருக்கிறார். ஐயா, அது ஏறுவதற்குச் சொன்னது. இறங்குவது முழுக்கக் கைவேலை. அங்கே காற்று இல்லை, பாராசூட் வெறும் சுமை. நேவ்பாலின் மேலே இருக்கும் வேகத்தைச் சொடுக்கித் தரைக்கான வேகத்துக்கு மாற்றுங்கள், ரெட்ரோகிரேட் (போகும் திசைக்கு எதிர்) பிடியுங்கள், பக்கவாட்டு வேகத்தை உயரத்திலேயே தின்றுவிடுங்கள். கடைசி நூறு மீட்டரில் உந்துவிசையைக் கூட்டும் ஷிஃப்ட்டும் குறைக்கும் கன்ட்ரோலும் மாறிமாறி.

3.3.2024

ராயபுரத்துக்காரர் எழுதியிருக்கிறார்: சுற்றுப்பாதைக்குப் போய்விட்டாராம், திரும்பி இறங்க ஒரு சொட்டு எரிபொருள் இல்லையாம். பெரியாப்சிஸ் 72 கிலோமீட்டர்.

பைலட் ஜெப்பை வெளியே இறக்குங்கள். முதுகில் இருக்கும் ஜெட்பேக்கைப் போட்டுக்கொண்டு கூட்டின் முன்பக்கம், அது போகும் திசைக்கு எதிரே வந்து, நடுவில் தலையை முட்டி மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். கிண்டல் இல்லை. காலி அடுக்கை முதலில் கழற்றிவிட்டால் கூடு ஒன்றரை டன்கூட வராது. அடிமுனையைப் பத்து கிலோமீட்டர் இறக்க நொடிக்கு எட்டு, ஒன்பது மீட்டர் குறைந்தால் போதும், அதை ஜெப் முதுகாலேயே கொடுத்துவிடுவார். நடுவிலிருந்து விலகித் தள்ளினால் கூடு சுழலும், அப்போது நிறுத்தி, உள்ளே போய், நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். உச்சியில் இருக்கும்போது தள்ளுங்கள். அவர் உள்ளே ஏறிய பிறகுதான் காற்றுக்குள் போக வேண்டும்.